லிங்க் இருந்தா அனுப்புங்க

இப்பல்லாம் யாராவது எனக்கு எதையாவது அனுப்புனா அது பெரும்பாலும் படமாத்தான் வருது. செய்தின்னா செய்தி வந்த பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட், யாரோ எழுதுன பதிவுன்னா அதோட ஸ்கிரீன்ஷாட், பரீட்சை தேதி மாறிடுச்சுன்னா அந்த அறிவிப்போட ஸ்கிரீன்ஷாட், ஒரு மாத்திரையை எப்படி எடுத்துக்கணும்னு எங்கயோ படிச்சிருந்தா அதுவும் ஸ்கிரீன்ஷாட். அனுப்புனவங்க போன்ல பேட்டரி எவ்ளோ மிச்சம் இருக்கு, அப்ப மணி என்ன, எத்தனை மிஸ்டு கால்னு எல்லாம் அந்தப் படத்துல தெரியும். அந்தப் பக்கம் எங்க இருக்குங்கிறது மட்டும் தெரியாது. "எங்க இருந்து எடுத்தீங்க, லிங்க் இருந்தா அனுப்புங்க"ன்னு கேட்டா, "எனக்கே ஃபார்வேர்டா வந்ததுதான்"னு பதில் வரும்.

நான் வெப் டெவலப்பர், பிரவுசர்ல ஓடுற விஷயங்களை எழுதுறதுதான் என் வேலை, அதனால இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருக்கேன். ஜனங்களுக்கு சோம்பேறித்தனம், டெக்னாலஜி தெரியல, அதான் படம் எடுத்து அனுப்புறாங்கன்னு என் தொழில்ல இருக்கிறவங்க சுலபமா சொல்லிடுவாங்க. எனக்கு அப்படித் தோணல. லிங்க் அனுப்புனா அந்தப் பக்கம் போய்ச் சேருமான்னு சந்தேகம், படம் அனுப்புனா கண்டிப்பா சேரும், இதை ஜனங்க அனுபவத்துல கத்துக்கிட்டாங்க. அப்படி ஒரு பாடத்தைக் கத்துக்குடுத்தது வெப்பைக் கட்டுற எங்க தொழில்தான்.

ஒரு லிங்க் என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா தினமும் தொடுறதால அது எவ்ளோ பெரிய விஷயம்னு நமக்குத் தெரியாமப் போயிடுச்சு. ஒரு எழுத்துல இருந்து இன்னொரு எழுத்துக்குத் தாவலாம்ங்கிற யோசனை வெப்புக்கு முன்னாடியே இருந்தது. டெட் நெல்சன்ங்கிற அமெரிக்கர் 1960லயே ஸானடுன்னு ஒரு திட்டத்தைத் தொடங்கினாரு, ஹைப்பர்டெக்ஸ்ட்ங்கிற பேரை வச்சதும் அவர்தான். அவரோட கனவுல லிங்க் ரெண்டு பக்கமும் வேலை செய்யும், அதாவது நான் உங்க பக்கத்தைச் சுட்டினா உங்க பக்கத்துக்கும் அது தெரியும், எந்த லிங்க்கும் எப்பவும் உடையாது. ரொம்ப அழகான கனவு. ஆனா அதுக்கு எல்லாரும் ஒரே அமைப்புக்குள்ள இருக்கணும், யாராவது ஒருத்தர் எல்லாத்தையும் கணக்கு வச்சுக்கணும். 1989ல சேர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல வெப்பை உருவாக்குன டிம் பெர்னர்ஸ்-லீ அதுக்கான தன்னோட திட்டத்தை எழுதுனப்ப அந்த ரெண்டையும் விட்டுட்டாரு. லிங்க் ஒரு பக்கம் மட்டும்தான் போகும், போற இடத்துல ஒண்ணும் இல்லன்னா 404னு சொல்லிட்டு நின்னுடும், அவ்ளோதான். அந்தக் குறையை ஏத்துக்கிட்டதாலதான் வெப் இந்த அளவுக்குப் பரவுச்சுன்னு நான் உறுதியா நம்புறேன். யாரோட பக்கத்தைச் சுட்டவும் யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம், எங்கயும் பதிவு பண்ண வேண்டாம். 1993 ஏப்ரல் 30ந் தேதி சேர்ன் அந்தத் தொழில்நுட்பத்தையே யார் வேணா எடுத்துக்கலாம்னு பொதுவுல விட்டுடுச்சு. ஒரு சின்னப் பையன் எழுதுன பக்கத்துக்கும் ஒரு பல்கலைக்கழகம் போட்ட பக்கத்துக்கும் ஒரே மாதிரி முகவரி, ரெண்டையும் ஒரே மாதிரி அனுப்பலாம், அனுப்புன பிறகு வாங்கினவங்க அந்தப் பக்கத்துல முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு அவங்களே போய்ப் பார்த்துக்கலாம். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். லிங்க் அனுப்புறவர் "நான் சொல்றதை நம்பாதே, நீயே போய்ப் பாரு"ன்னு சொல்றாரு.

சரி, அப்படி அனுப்புன லிங்க்கை ஒருத்தர் இன்னைக்குத் திறந்தா என்ன நடக்குது? முதல்ல, பல நேரம் அவர் எந்த ஆப்ல இருக்காரோ அந்த ஆப்புக்குள்ளயே இருக்கிற ஒரு குட்டி பிரவுசர்ல திறக்கும், அதுல அவர் ஏற்கனவே லாகின் பண்ணது எதுவும் பெரும்பாலும் இருக்காது. அப்புறம் குக்கி சம்மதம் கேட்டு ஒரு பெட்டி, நோட்டிஃபிகேஷன் வேணுமான்னு ஒரு பெட்டி, எங்க ஆப்ல படிச்சா நல்லா இருக்கும்னு கீழ இருந்து ஒரு பட்டை, ரெண்டு பத்தி தாண்டுனதும் மீதியைப் படிக்க கணக்கு தொடங்குங்கன்னு ஒரு சுவர். சில தளங்கள்ல உள்ள போகவே முடியாது. இன்ஸ்டாகிராம்ல படத்துக்குக் கீழ எழுதுற வரிகள்ல லிங்க் போட்டா அது வெறும் எழுத்தாத்தான் கிடக்கும், தொட்டா எங்கயும் போகாது, அதனாலதான் "லிங்க் பயோல இருக்கு"ன்னு ஒரு வாக்கியமே நம்ம பேச்சுல சேர்ந்துடுச்சு. இதையெல்லாம் தெரிஞ்ச ஒரு அம்மா, தன் தங்கச்சிக்கு ஒரு பத்தியைப் படிக்கக் குடுக்கணும்னா என்ன பண்ணுவாங்க? அந்தப் பத்தியைப் படம் எடுத்து அனுப்புவாங்க. தங்கச்சிக்கு இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம்னு நினைக்கிற அக்கறை அது. படம் ஆப்புக்கு ஆப் எந்த மாற்றமும் இல்லாமப் போகும், நெட் சுமாரா இருந்தாலும் போகும், அசல் பதிவை எழுதுனவர் அழிச்சுட்டாக்கூட படம் நிக்கும். ஸ்கிரீன்ஷாட் ஜெயிச்சது நியாயமாத்தான் ஜெயிச்சிருக்கு.

லிங்க்கே பார்க்க பயமுறுத்துற மாதிரி ஆயிடுச்சுங்கிறது இன்னொரு பக்கம். எதையாவது காப்பி பண்ணி ஒட்டிப் பாருங்க, பக்கத்தோட பேர் ஒரு வரி, அதுக்குப் பின்னாடி கேள்விக்குறி போட்டு மூணு வரிக்கு ஒரு வால் நீளும். அந்த வால்ல யூடிஎம்னு ஆரம்பிக்கிறதெல்லாம் எந்த விளம்பரத்துல இருந்து நீங்க வந்தீங்கன்னு எண்ணுறதுக்காக இருக்கிறது. அந்த முதல் எழுத்து அர்ச்சின்ங்கிற கம்பெனியோட பேர்ல இருந்து வந்தது, அந்தக் கம்பெனியை 2005ல கூகுள் வாங்கி அதை வச்சுத்தான் கூகுள் அனலிட்டிக்ஸ் வந்துச்சு. 2018ல இருந்து ஃபேஸ்புக்கும் தன் பங்குக்கு ஒவ்வொரு வெளி லிங்க்லயும் ஒரு நீளமான அடையாளத்தைச் சேர்க்க ஆரம்பிச்சுது. இதுல ஒரு எழுத்துகூட வாங்குறவருக்கோ அனுப்புறவருக்கோ எந்தப் பயனும் இல்ல. ஆனா அதைப் பார்க்கிற சாதாரண ஆளுக்கு எது முகவரி எது வால்னு எப்படித் தெரியும்? மோசடி லிங்க்கும் இதே மாதிரிதான் இருக்கு, பேங்க்ல இருந்து வர்ற உண்மையான லிங்க்கும் இதே மாதிரிதான் இருக்கு. "தெரியாத லிங்க்கைத் தொடாதீங்க"ன்னு ஒரு பக்கம் எச்சரிக்கை பண்றோம், இன்னொரு பக்கம் எல்லா லிங்க்கையும் தெரியாத லிங்க் மாதிரியே ஆக்கி வச்சிருக்கோம்.

தமிழ்ல இருக்கிற முகவரிகளோட நிலைமை இன்னும் மோசம், இதைப் பத்தி நம்ம ஆளுங்க அதிகம் பேசுறதில்லங்கிறது எனக்கு வருத்தம். தமிழ் விக்கிப்பீடியாவுல ஒரு கட்டுரையைத் திறந்தா முகவரிப் பட்டையில தமிழ் எழுத்தாவே அழகாத் தெரியும். அதைக் காப்பி பண்ணி சாட்ல ஒட்டுங்க, பெரும்பாலான பிரவுசர்கள்ல அது சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான குப்பையா மாறி வரும். காரணம் இதுதான்: யூஆர்எல்லோட, அதாவது வலை முகவரியோட, அடிப்படை விதி ஆங்கில எழுத்து, எண், சில குறிகளை மட்டும்தான் அனுமதிக்குது, மத்ததை எல்லாம் பைட் பைட்டா உடைச்சு ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னாடி சதவீதக் குறி போட்டு எழுதணும். 'தமிழ்'ங்கிற சொல் கண்ணுக்கு மூணு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற யூனிகோட்ங்கிற தரநிலையில அது அஞ்சு குறி, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அதை பைட்டுகளா எழுதுற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 15 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட சேர்ந்து 3 எழுத்து, ஆக 45 எழுத்து. மூணு எழுத்துச் சொல் நாப்பத்தஞ்சு எழுத்தா வந்து விழுது, ஒரு முழுத் தலைப்பு இருந்தா திரையே நிரம்பிடும். யூனிகோட் எழுத்துகளை அப்படியே முகவரியில எழுதுறதுக்கு 2005லயே ஐஆர்ஐன்னு ஒரு தரநிலை வந்தாச்சு, ஆனா காப்பி பண்றப்ப பழைய மென்பொருள் எதுலயும் உடைஞ்சிடக் கூடாதுங்கிற எச்சரிக்கையில பிரவுசர்கள் இன்னும் உடைச்சுத்தான் குடுக்குது. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்குன்னு டெவலப்பரா எனக்குப் புரியுது. ஆனா அந்த லிங்க்கைப் பார்த்து இது என்ன வைரஸான்னு ஒருத்தர் கேட்டா அவரைத் தப்பு சொல்ல முடியாது. இதைப் பயந்துக்கிட்டே தமிழ்ல எழுதுறவங்க நிறைய பேர் தலைப்பைத் தமிழ்ல வச்சுட்டு முகவரியை மட்டும் தங்லீஷ்ல வைக்கிறாங்க, நானும் அதைத்தான் சிபாரிசு பண்ற நிலைமை.

இப்ப எங்க தொழிலுக்கு உள்ள இருக்கிற காரணத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இதுதான். பழைய வெப்ல ஒரு பக்கம்னா ஒரு முகவரி. ஜாவாஸ்கிரிப்ட்ல முழு ஆப்பையே ஒரே பக்கத்துக்குள்ள ஓட்டலாம்னு ஆனதுக்கு அப்புறம் திரையில எல்லாம் மாறும், முகவரி மட்டும் மாறாது. ட்விட்டர் 2010ல புது வடிவமைப்புக்கு மாறுனப்ப முகவரிகள்ல ஒரு ஷார்ப் குறியும் (#) ஒரு ஆச்சரியக்குறியும் வந்து உட்கார்ந்துச்சு, ஷார்ப்புக்குப் பின்னாடி இருக்கிறதை பிரவுசர் சர்வருக்கு, அதாவது பக்கத்தை அனுப்பி வைக்கிற கம்ப்யூட்டருக்கு, அனுப்பவே அனுப்பாது, அதனால உங்ககிட்ட லிங்க் இருந்தாலும் எந்தப் பக்கம்னு சர்வருக்குத் தெரியாது, ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி ஓடுன பிறகுதான் உள்ளடக்கமே வரும். 2012ல அவங்களே அதைக் கைவிட்டாங்க. அதுக்குள்ள பிரவுசர்கள்ல ஹிஸ்டரி ஏபிஐன்னு ஒரு வசதி வந்துடுச்சு, பக்கத்தை மறுபடி ஏத்தாமலே முகவரியை மாத்தலாம், பின்னாடி போற பட்டனும் ஒழுங்கா வேலை செய்யும். ஆக தொழில்நுட்பத் தடை நீங்கி ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனாலும் இன்னைக்கும் எத்தனை தளத்துல தேடல் முடிவை விலை வாரியா, நிறம் வாரியா வடிகட்டிட்டு அந்த லிங்க்கை அனுப்புனா வாங்குறவருக்கு வடிகட்டாத முதல் பக்கம் வருது! ரயில் தேடுனாலும், வீடு தேடுனாலும், அரசாங்கப் படிவத்துல அஞ்சாவது திரைக்குப் போனாலும் முகவரி ஒண்ணேதான். அந்தத் திரையை இன்னொருத்தருக்குக் காட்டணும்னா படம் எடுக்கிறதைத் தவிர வழியே கிடையாது.

நான் வேலை செஞ்ச ஒரு புராஜெக்ட்ல சப்போர்ட் டீமுக்கு வர்ற புகார் எல்லாமே ஸ்கிரீன்ஷாட்டா வரும். "இந்த லிஸ்ட் தப்பா வருது"ன்னு ஒரு படம், எந்தத் தேதி வடிகட்டி, எந்த வரிசை, எத்தனாவது பக்கம் எதுவும் தெரியாது, திரும்பப் போன் பண்ணிக் கேட்டு அதே நிலைமையை நாங்க உருவாக்கிப் பார்க்கணும். வாடிக்கையாளர் முகவரிப் பட்டையைக் காப்பி பண்ணி அனுப்பக் கத்துக்கணும்னு டீம்ல ஒருத்தர் சொன்னாரு, ஆனா அனுப்பியிருந்தாலும் அதுல ஒண்ணும் இருந்திருக்காது, எல்லாத் தகவலும் மெமரியிலதான் இருந்துச்சு. வடிகட்டி, வரிசை, பக்க எண், எந்த டேப் திறந்திருக்கு, இதையெல்லாம் யூஆர்எல்லுக்குக் கொண்டு வந்தோம். பக்கத்துல "இந்தத் திரையோட லிங்க்கைக் காப்பி பண்ண"ன்னு ஒரு பட்டன். யாருக்கும் பயிற்சி குடுக்கல, கொஞ்ச நாள்ல புகார்கள் லிங்க்கோட வர ஆரம்பிச்சுது, மேனேஜர்களே ஒருத்தருக்கொருத்தர் ரிப்போர்ட்டை அப்படி அனுப்பிக்கிட்டாங்க. வேலை செய்யற லிங்க்கைக் குடுத்தா ஜனங்க அதையே எடுத்துக்கிறாங்கங்கிற நம்பிக்கை எனக்கு அங்க இருந்து வந்தது.

அப்புறம் சாகுற லிங்க்குகள். அமெரிக்காவோட பியூ ஆராய்ச்சி மையம் 2024ல வெளியிட்ட ஆய்வுல, 2013ல இருந்த வலைப்பக்கங்கள்ல 38 சதவீதம் 2023 அக்டோபர்ல திறக்க முடியாமப் போயிருந்துச்சு. ஆங்கில விக்கிப்பீடியா பக்கங்கள்ல பாதிக்கு மேல, 54 சதவீதத்துல, மேற்கோள் பகுதியில குறைஞ்சது ஒரு லிங்க்காவது செத்துக் கிடந்துச்சு. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பத்தி ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் 2014ல வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் அதிர்ச்சி, தீர்ப்புல குடுத்திருந்த யூஆர்எல்கள்ல பாதி, தீர்ப்பு எழுதுனப்ப இருந்த விஷயத்துக்குப் போய்ச் சேரல. ஒரு தீர்ப்போட ஆதாரமே காத்துல நிக்குது. இதுக்கெல்லாம் பெரும்பாலும் பெரிய காரணம் கிடையாது, தளத்தைப் புதுசா டிசைன் பண்றாங்க, மென்பொருளை மாத்துறாங்க, பழைய முகவரியில இருந்து புது முகவரிக்கு ஒரு திருப்பம் போட யாருக்கும் தோணல. வீடு மாறிப் போறவர் தபால்காரர்கிட்ட புது விலாசத்தைச் சொல்லாமப் போற மாதிரி. 301ங்கிற நிலைக்குறியீடு இதுக்காகவே இருக்கு, நிரந்தரமா இடம் மாறிடுச்சுன்னு அர்த்தம், பிரவுசரும் தேடுபொறியும் ரெண்டுமே அதைப் புரிஞ்சுக்கும். நல்ல முகவரி மாறக் கூடாதுன்னு பெர்னர்ஸ்-லீ 1998லயே எழுதிட்டாரு, முகவரிக்குள்ள எழுதுனவர் பேர், மென்பொருளோட பேர், கோப்பு வகை இதையெல்லாம் வைக்காதீங்க, ஏன்னா அதெல்லாம் மாறும்னு காரணத்தோட சொல்லியிருக்காரு. இன்னைக்கும் தினசரி வேலைக்கு அப்படியே பொருந்துது.

நீளமான முகவரியைச் சின்னதாக்கித் தர்ற லிங்க் சுருக்கிகளைப் பத்தி ஒரு வார்த்தை. கூகுளோட சுருக்கி 2009ல வந்துச்சு, 2019ல புது லிங்க் உருவாக்குறதை நிறுத்துனாங்க, பழையதும் 2025 ஆகஸ்ட்ல நின்னுடும்னு 2024ல அறிவிச்சாங்க, கடைசி நேரத்துல இன்னும் உபயோகத்துல இருக்கிறதை மட்டும் விட்டு வைக்கிறோம்னு மாத்திக்கிட்டாங்க. அத்தனை புத்தகங்கள்லயும் ஆய்வுக் கட்டுரைகள்லயும் அச்சாகிப் போன முகவரிகளோட ஆயுசு ஒரு கம்பெனியோட ஒரு முடிவுல இருந்துச்சு. கியூஆர் கோடும் இதே கதைதான், 1994ல ஜப்பானோட டென்சோ வேவ் கம்பெனியில கார் உதிரி பாகங்களை அடையாளம் வைக்க உருவாக்குனது, இன்னைக்கு சுவர்லயும் டிக்கெட்லயும் கல்வெட்டுப் பக்கத்துலயும் லிங்க்கா ஒட்டியிருக்கோம். அதுல நேரா உங்க சொந்த முகவரி இருந்தா ரொம்ப நல்லது. ஆனா நிறைய இடத்துல நடுவுல இன்னொரு சேவையோட முகவரிதான் இருக்கு, அந்தச் சேவைக்குக் கட்டுற சந்தா நின்ன அன்னைக்கு அச்சடிச்சது எல்லாம் வீண்.

ஸ்கிரீன்ஷாட்ல நாம என்ன இழக்குறோம்னு கேட்டா, முதல்ல கண்ணு தெரியாதவங்க. படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை ஸ்கிரீன் ரீடரால (திரையில இருக்கிறதைச் சத்தமா வாசிக்கிற மென்பொருள்) எப்பவும் ஒழுங்காப் படிச்சுக் காட்ட முடியாது, படத்துல என்ன இருக்குன்னு சொல்ற மாற்று உரை யாரும் எழுதி அனுப்புறதில்ல, அவங்களுக்கு அந்த முழு உரையாடலும் பல நேரம் "படம்"ங்கிற ஒரே சொல்லாப் போயிடும். அப்புறம் தேதி. பழைய அறிவிப்பு ஒவ்வொரு வருஷமும் புதுசு மாதிரி சுத்தி வரும், அசல் பக்கத்துல திருத்தம் போட்டிருப்பாங்க, படத்துக்கு அது தெரியாது. எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு. கம்ப்யூட்டர் பிரவுசர்ல எந்தப் பக்கத்தையும் திறந்து வலது கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட்னு போனா, அங்க இருக்கிற எந்த வரியையும் உங்க திரையில மாத்தி எழுதிடலாம், தலைப்பு, பேர், தேதி, மார்க், பேங்க் பேலன்ஸ் எதையும். மாத்துனதும் அதே எழுத்துரு, அதே லோகோ, அதே நிறம். அதைப் படம் எடுத்தா அசலுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. ஹேக்கிங் எதுவும் இல்ல, நாங்க தினமும் வேலைக்குப் பயன்படுத்துற சாதாரணக் கருவி. இதை ஒரு தடவை எங்க வீட்டுப் பெரியவங்க முன்னாடி செஞ்சு காட்டுனேன், பிரபலமான ஒரு செய்தித் தளத்துல அவங்க பேரையே தலைப்பா மாத்திக் காட்டுனேன். அதுக்கப்புறம் அவங்க யார் படம் அனுப்புனாலும் "லிங்க் இருக்கா"ன்னு கேட்குறாங்க. உங்க வீட்லயும் காட்டுங்க, எந்த எச்சரிக்கைக் கட்டுரையும் இவ்ளோ வேகமாப் புரிய வைக்காது.

படத்தோட வசதியை லிங்க்குக்கும் குடுக்க முடியுமான்னு பார்த்தா, நல்ல வேலைகள் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு பக்கத்துல குறிப்பிட்ட வரியை மட்டும் சுட்டுற வசதி. குரோம்ல 2020ல வந்துச்சு, சஃபாரில 2022ல, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024ல. குரோம்ல ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் பண்ணுங்க, ஹைலைட்டுக்கு லிங்க் காப்பி பண்ணலாம்னு இருக்கும், அந்த லிங்க்கைத் திறக்கிறவருக்குப் பக்கம் நேரா அந்த வரிக்குப் போய் அதை நிறம் போட்டுக் காட்டும். தளத்தை நடத்துறவர் இதுக்காக எதுவும் செய்ய வேண்டாம். பெரிய கட்டுரையில "இந்தப் பத்தியைப் படி"ன்னு காட்டுறதுக்காகத்தானே பாதிப் பேர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறாங்க, அந்தத் தேவையை இது அப்படியே தீர்க்குது, கூடவே முன்னாடி பின்னாடி என்ன எழுதியிருக்குன்னும் தெரியும். நீளமான பத்தின்னா தொடக்கச் சொற்களையும் முடிவுச் சொற்களையும் மட்டும் வச்சுக்கும். தமிழ் வரின்னா அதுலயும் அந்த மூணுக்கு மூணு கணக்கு வந்து லிங்க் நீளும்தான், அதுக்கு இன்னும் தீர்வு இல்ல. வாலை வெட்டிட்டு லிங்க்கை மட்டும் காப்பி பண்ற வசதியை ஃபயர்ஃபாக்ஸ் 2023ல சேர்த்துச்சு. இன்டர்நெட் ஆர்கைவ் 1996ல இருந்து பக்கங்களைச் சேர்த்து வைக்குது, 2001ல இருந்து வேபேக் மெஷின்ல யார் வேணா பார்க்கலாம், முக்கியமான பக்கம்னு தோணுனா அதுல நீங்களே சேமிச்சு அந்தச் சேமிச்ச லிங்க்கை அனுப்பலாம், அதுல தேதியும் நேரமும் முகவரியிலயே இருக்கும்.

என் வேலையில நான் இப்ப பிடிவாதமாக் கேட்கிறது ரெண்டு விஷயம். புதுசா ஒரு திரை வரையும்போதே, இதை இன்னொருத்தருக்கு அனுப்ப முடியுமா, அனுப்புனா அவருக்கு இதே திரை வருமா, லாகின் இல்லன்னா லாகின் முடிஞ்சதும் திரும்ப இங்கயே வருமா. இதைக் கடைசியில சேர்க்கிறது ரொம்பக் கஷ்டம், முதல்லயே முடிவு பண்ணா கூடுதலா அரை நாள் வேலைகூட இல்ல. ரெண்டாவது, பழைய தளத்தை மாத்துறப்ப எந்த டிசைன் பேச்சுக்கும் முன்னாடி பழைய முகவரிகள் அத்தனையையும் ஒரு பட்டியலா எடுத்து ஒவ்வொண்ணுக்கும் புது முகவரி என்னன்னு எதிர்ல எழுதணும். பட்டியல்ல விட்டுப் போனது சர்வர் லாக்ல (சர்வருக்கு வந்த கோரிக்கைகளோட பதிவேடு) 404ஆ வந்து நிக்கும், வாரம் ஒரு தடவை அதைப் பார்த்து, திரும்பத் திரும்ப வர்ற முகவரிக்கு ஒரு 301 வரி சேர்த்தாப் போதும், அடுத்து வர்றவர் நேராப் பக்கத்துக்குப் போயிடுவாரு.